கர்ணனைத் தேரோட்டி மகனாகவே ஏன் சாக விடுவதில்லை?

கூத்துப்பார்வை எழுதியது:

போன வாரம் செய்யாறு பக்கம் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். ராத்திரி கர்ண மோட்சம் வைத்திருந்தார்கள். வட மாவட்டங்களில் சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைப்பது காலம்காலமாக நடப்பதுதான். சின்ன வயதிலிருந்து ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். இந்தத் தடவை ஒரு விஷயம் உறுத்திவிட்டது. மூன்று நாளாக மனதில் கிடந்து புரள்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பதினேழாம் நாள் போருக்குக் கர்ணன் புறப்படுகிறான். திரும்பி வரமாட்டோம் என்று அவனுக்கே தெரியும். மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவள் ராஜா வீட்டுப் பெண். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவளுக்குத் தீராத ஆத்திரம். என் குலம் என்ன, உன் குலம் என்ன என்று வாசலில் நிறுத்தி வைத்தே கேட்கிறாள்.

அன்றைக்குப் பொன்னுருவி வேஷம் கட்டியவர் ஒன்று செய்தார். கர்ணன் கை நீட்டி ஒரு அடி முன்னால் வைத்தான். ஃபோகஸ் லைட்டில் அவன் கிரீடத்தின் நிழல் தரையில் நீளமாக விழுந்தது. பொன்னுருவி கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த நிழல் தன் காலில் படாமல் பக்கவாட்டில் ஒதுங்கினார். வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி "அடிப்பாவி" என்றார்.

அப்புறம் என்ன ஆகிறது? கர்ணன் தன் பிறப்பைச் சொல்லிவிடுகிறான். நான் குந்தியின் மகன், சூரியனுக்குப் பிறந்தவன். உடனே பொன்னுருவி காலில் விழுந்து கதறுகிறாள். கூட்டமும் அழுகிறது.

அவள் எதற்காக அழுகிறாள்? ஒரு மனிதனை இத்தனை நாள் இழிவாக நடத்தினோமே என்றா, உயர்ந்த குலத்தானைத் தாழ்ந்தவன் என்று தப்பாக நினைத்துவிட்டோமே என்றா? அவன் நிஜமாகவே அதிரதன் என்ற தேரோட்டிக்குப் பிறந்திருந்தால், அந்த நிழலிலிருந்து அவள் ஒதுங்கி நின்றது நியாயமாகிவிடுமா? கூத்து இதற்குப் பதில் சொல்லாமலே அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. சாதி பார்ப்பது தப்பு என்று சொல்லும் கூத்தாகத்தான் இதை எல்லோரும் பேசுகிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை.

பழைய ஏடு எழுதியது:

நல்ல கேள்வி. இதைக் கர்ணனோடு நிறுத்த முடியாது.

நந்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்ற நந்தனுக்கு ஒரு வரி கொடுத்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைக் கதையாக விரித்தார். ஆதனூர்க்காரர் நந்தன் திருப்புன்கூருக்குப் போகிறார். கோயிலுக்குள் நுழைய முடியாது, வாசலில் நிற்கிறார். நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்கிறார். இன்றைக்கும் திருப்புன்கூர் போனால் நந்தி நேர்கோட்டில் இல்லாமல் தள்ளி இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், கல் நந்திதான் விலகியது. உள்ளே வராதே என்ற விதி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

தில்லையில், அதாவது சிதம்பரத்தில், இன்னும் ஒருபடி மேலே. தீ மூட்டி, அதில் மூழ்கி எழுந்த பிறகுதான் உள்ளே போகிறார். எழும்போது பழைய உடம்பு இல்லை. மார்பில் பூணூல், தலையில் சடைமுடி. அதாவது உள்ளே போனது நாம் அறிந்த நந்தன் இல்லை, வேறொருவர்.

அரிச்சந்திரன் மயான காண்டமும் இதே வழிதான். ராஜா சுடுகாட்டுக் காவலுக்கு அடிமையாகப் போகிறான். பெற்ற பிள்ளையின் பிணத்தை எரிக்க வந்த பெண்டாட்டியிடமே கால் பணமும் முழத் துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அந்த இடத்தில் கண் கலங்காதவர் கிடையாது. கடைசியில் அரிச்சந்திரனுக்கு ராஜ்யம் திரும்புகிறது. அவனை விலைக்கு வாங்கிய சுடுகாட்டுத் தலைவன் வீரவாகுவும் வெட்டியான் இல்லையாம், மாறுவேடத்தில் வந்த எமதர்மனாம். சுடுகாட்டில் நடக்கும் அவ்வளவு பெரிய நாடகத்தில், உண்மையிலேயே சுடுகாட்டு வேலை பார்க்கும் ஒருத்தன்கூடக் கடைசியில் மிஞ்சவில்லை.

கொன்றைப்பூ எழுதியது:

இதெல்லாம் பக்திக் கதைகள். இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எதையும் ரசிக்க முடியாது. கர்ணன் கொடைக்காகத்தான் ஜனங்கள் கூத்து வைக்கிறார்கள், சாதி பேசுவதற்காக இல்லை.

மருதாணி எழுதியது:

கொன்றைப்பூ, கர்ணனுடைய கொடை தனியாக நிற்பதில்லை. பிறப்பைச் சொல்லி ஊரே ஒதுக்கியவன் கையில்தான் அந்தக் கொடை இருக்கிறது. அந்த வலியை எடுத்துவிட்டால், ஒரு ராஜா தானம் செய்தான் என்பதோடு கதை முடிந்துவிடும். கருமாதியில் உட்கார்ந்திருக்கும் சனம் அழுவது அந்த வலிக்கும் சேர்த்துத்தான்.

எனக்கு வேறொரு வருத்தம் இருக்கிறது. பாரதத்தில் கர்ணனைப் பிறப்பைச் சொல்லியும் வேறு விதமாகவும் குத்தியவர்கள் யார் யார்? வில் வித்தை அரங்கில் உன் குலம் என்ன என்று கேட்டது கிருபர். உன் கைக்குச் சாட்டைதான் லாயக்கு என்றது பீமன். அர்த்தரதன், அதாவது பாதி வீரன் என்று சபையில் குறைத்துப் பேசியது பீஷ்மர். கடைசி நாளில் அவனுக்கே தேரோட்ட வந்த சல்லியனும் விடவில்லை. அத்தனை பேரும் ஆண்கள், பெரிய மனிதர்கள். ஆனால் விடிய விடிய நடக்கும் கூத்தில் நம் நெஞ்சில் நிற்பது பொன்னுருவியின் பேச்சு மட்டும்தான். "அடிப்பாவி" அவளுக்கு விழுகிறது. பீஷ்மரை யாரும் பாவி என்று சொல்லிக் கேட்டதில்லை.

வேற்றுமை பார்ப்பது வீட்டுப் பெண்களின் வேலை என்பது போல ஒரு நினைப்பை இது உண்டாக்கிவிடுகிறது. தனித் தம்ளர் வைப்பது மருமகள், அதை வைக்கச் சொல்லும் வழக்கத்தை உண்டாக்கியது யார் என்று கேட்பதில்லை. பொன்னுருவிக்குத்தான் என்ன தெரியும்? அவளைக் கேட்டா கல்யாணம் செய்து வைத்தார்கள்? அவள் பேசுவது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தப்பு முழுவதையும் அவள் தலையில் இறக்கி வைப்பதை ஏற்க முடியவில்லை.

முகவீணை எழுதியது:

நான் கூத்துக் குடும்பம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் கட்டை வேஷம், அதாவது மரக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடும் வேஷம், கட்டியவர். கர்ணன் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேஷம். நான் ஆடவில்லை, பின்பாட்டும், முகவீணை என்கிற ஊதுகுழலும்தான். அதனால் உள்ளே இருந்து கொஞ்சம் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூத்துப்பார்வை அண்ணா, உங்கள் கேள்வி சரி. ஆனால் நீங்கள் முடிவை மட்டும் வைத்து எடை போடுகிறீர்கள். கூத்தை அப்படி எடை போட முடியாது. பொன்னுருவி வாசலில் நிறுத்திப் பேசும் தர்க்கம் எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஒரு மணி நேரம் போகும், வாகான ராத்திரியாக இருந்தால் ஒன்றரை மணிகூட ஆகும். பாட்டுக்குப் பாட்டு, வசனத்துக்கு வசனம். கர்ணன் தன் பிறப்பைச் சொல்வது பத்து நிமிஷம். அந்த ஒரு மணி நேரமும் கூட்டத்துக்கு முன்னால் நிற்பவன் தேரோட்டி மகன்தான். குந்தி மகன் இல்லை. கூட்டத்துக்குக் கதை தெரியும், ஆனாலும் அந்த நேரம் மறந்துவிடும். அந்தப் பாட்டி "அடிப்பாவி" என்று எப்போது சொன்னார்? பிறப்பைச் சொன்ன பிறகா? அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அவருக்கு நியாயம் தெரிய, கர்ணன் சூரியன் மகன் என்று தெரிய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். மனதிலேயே வைத்திருந்த ஒரு விஷயம். எனக்குப் பதினொரு வயது இருக்கும். ஒரு ஊரில் கர்ண மோட்சம். ஊர்ப்பேர் வேண்டாம். ராத்திரி அப்பா கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டி இறங்கினால் ஆள் ஏழடி மாதிரி தெரிவார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி கண்ணாடிச் சில்லு ஒட்டியது, வெளிச்சத்தில் கண் கூசும். அந்த ஊரில் ஒரு வீட்டுக்காரர் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்து, "ஆசீர்வாதம் பண்ணு கர்ண மகாராஜா" என்று சட்டையில் நூறு ரூபாய் குத்தினார். விடிந்தது. அப்பா தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, பழைய லுங்கியோடு அதே வீட்டுத் திண்ணையில் உட்காரப் போனார். அதே மனிதர், "அங்கே கல்லு இருக்குது பாரு" என்று வேப்பமரத்தடியைக் கைகாட்டினார். கோபமாக இல்லை. சாதாரணமாக. அப்பாவும் சாதாரணமாகப் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். நெற்றி ஓரத்தில் கொஞ்சம் அரிதாரம் மிச்சம் இருந்தது.

அந்த வீட்டுக்காரரும் ராத்திரி அழுதவர்தான். அதனால் நீங்கள் கேட்பதை என்னால் ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

நெறியாளர் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. ஒரு மறுமொழியில் சாதிப் பெயரை வசவாகப் பயன்படுத்தியிருந்ததால் நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

கூத்துப்பார்வை எழுதியது:

முகவீணை தம்பி, உங்கள் அப்பா கல்லில் உட்கார்ந்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன "ஒரு மணி நேரம், பத்து நிமிஷம்" கணக்கை ஒத்துக்கொள்கிறேன். மேடையில் எதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதும் ஒரு வாதம்தான், அதை நான் யோசிக்கவில்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நான் பார்த்த எந்தக் கர்ண மோட்சத்திலும் அதிரதன் வந்ததில்லை. ராதை வந்ததில்லை. ஆற்றில் வந்த பெட்டியைத் திறந்து, பிள்ளையைத் தூக்கி, பால் கொடுத்து வளர்த்தவள் அவள். கர்ணன் விழுந்ததும் போர்க்களத்துக்கு ஓடிவந்து மடியில் போட்டு அழுவது யார்? குந்தி. வில்லிபுத்தூரார் பாரதத்திலும் அவள்தான் வருகிறாள். தூக்கி எறிந்தவளுக்கு ஒப்பாரி இருக்கிறது, வளர்த்தவளுக்கு இல்லை. கருமாதி வீட்டுப் பெண்கள் சேர்ந்து அழுவது குந்தியோடுதான்.

வியாச பாரதத்தில் ஒரு இடம் உண்டு. அரங்கில் துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டு முடி சூட்டுகிறான். அந்த நேரம் பார்த்து அதிரதன் வருகிறான். கிழவன், கையில் கோல், மேல்துண்டு நழுவுகிறது, உடம்பு நடுங்குகிறது. கர்ணன் வில்லைக் கீழே போட்டுவிட்டு, அபிஷேக நீர் சொட்டும் தலையோடு போய் அவன் காலில் வணங்குகிறான். ராஜ சபை முழுவதும் பார்க்க, இவர்தான் என் அப்பா என்று காட்டிக்கொள்கிறான். பீமன் சாட்டை என்று கேலி செய்வது இதைப் பார்த்த பிறகுதான். இந்த இடம் ஏன் கூத்து மேடைக்கு வரவில்லை? பாரதத்தில் சாதிக்கு எதிரான ஒரு காட்சியைக் காட்டு என்றால் நான் இந்த ஈரத் தலையைத்தான் காட்டுவேன்.

பழைய ஏடு எழுதியது:

ஈரத் தலையை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. அதே அரங்கில் வில்லிபுத்தூரார் துரியோதனன் வாயில் ஒரு பாட்டு வைக்கிறார். கற்றவர், அழகுள்ள பெண்கள், கொடையாளி, வீரர், அரசர், ஞானியர், இவர்களுக்கெல்லாம் சாதி ஒன்றே என்று. தமிழில் எழுதப்பட்ட மிகத் தைரியமான பாட்டுகளில் ஒன்று என்பேன். ஆனால் அதைப் பாடிய கையோடு துரியோதனனும் முடிதான் சூட்டுகிறான். நண்பனுக்குக்கூடத் தேரோட்டி மகனைத் தேரோட்டி மகனாகவே பக்கத்தில் நிறுத்தி வைக்க முடியவில்லை.

நந்தன் பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடினாரே, அதில் நந்தனின் பண்ணைக்காரராக வரும் வேதியர் சேக்கிழாரிடம் கிடையாது. பாரதி சேர்த்தது. சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாள், நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்துவிட்டுப் போ என்னும் பண்ணைக்காரர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையாள் முறை அப்படியே மேடைக்கு வந்துவிட்டது. கடைசியில் வேதியர் நந்தன் காலில் விழுகிறார். தீயும் முனிவர் கோலமும் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வேதியர் விழுவது தீக்கு முன்னால். பண்ணையாளாகவே இருக்கும் நந்தன் காலில். முகவீணை தம்பி சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்துகிறது. எது முன்னால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய நந்தன் கதை நாடகத்தில் தீ வெறும் தீயாகிவிட்டது. நந்தன் கருகிப் போகிறான். எந்த முனிவரும் எழுந்து வருவதில்லை. அற்புதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கொலை என்று அந்த நாடகம் காட்டியது.

மருதாணி எழுதியது:

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் என்று தீண்டப்படாதவர்களாகப் பிறந்த பக்தர்கள் மூவரின் நினைவுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். பூணூலோடு எழுந்தவரை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, வாசலில் நின்றவரைத்தான் எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு ஆலயப் பிரவேசமாகப் போன ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் தீ தேவைப்படவில்லை.

கொன்றைப்பூ எழுதியது:

திண்ணைக் கதையைப் படித்தேன். நான் முதலில் எழுதியது அவசரப்பட்டு எழுதியது. எங்கள் ஊரிலும் கூத்துக்காரர்களுக்குச் சாப்பாடு தனியாகத்தான் போட்டார்கள், பந்தி முடிந்த பிறகு. சின்னப் பையனாக அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முகவீணை எழுதியது:

நேற்று அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். முழுசாக. கண் சரியில்லை, அதனால் கேட்டுக்கொண்டே இருந்தார். கல்லில் உட்கார்ந்ததை நான் எழுதியது தெரிந்து ஒன்றும் சொல்லவில்லை. "அது இன்னுமா ஞாபகம் இருக்குது உனக்கு" என்று மட்டும் கேட்டார்.

கூத்துப்பார்வை அண்ணாவின் கேள்வியைத் தனியாக மறுபடி கேட்டேன். பிறப்பைச் சொல்லி ஜெயிக்கிறானே கர்ணன், அது சரியா என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குந்தி வந்து கூப்பிட்டப்போ அவன் போகலியே. கிருஷ்ணன் கூப்பிட்டப்போவும் போகலியே. மூத்தவன் நீ, பட்டம் உனக்குத்தான்னு சொல்லியும் ராதை மகனாவே இருந்துட்டான். ஊருக்கு முன்னால ஒரு நாளும் சொல்லாதவன், பொண்டாட்டி ஒருத்திகிட்ட தாங்காம சொல்லிட்டான். அது ஜெயிச்சதுன்னா நெனைக்கிற? அவன் தோத்த எடம் அது. நான் அந்த விருத்தத்த சத்தமா பாடுனதே இல்ல. கொரல எறக்கித்தான் பாடுவேன். தேரோட்டி மகன்தான்டின்னு சொல்ற எடத்துலதான் கொரல ஏத்துவேன்."

இத்தனை வருஷம் அவர் பின்னால் நின்று முகவீணை வாசித்திருக்கிறேன். அந்த விருத்தத்தில் அவர் குரல் இறங்கும், நானும் கூடவே இறக்கி வாசிப்பேன். களைத்துவிட்டார், விடியப் போகிறது, அதனால்தான் இறங்குகிறது என்று நினைத்திருந்தேன்.

கூத்துப்பார்வை எழுதியது:

தோற்ற இடம். நான் தப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். அல்லது நான் பார்த்த கர்ணன்கள் அதை வெற்றி போலப் பாடினார்கள். போன வாரம் அந்த இடத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் உச்சத்துக்குப் போயின, கூட்டத்தில் விசில் அடித்தார்கள். அதே விருத்தம்தான். எப்படிப் பாடுகிறோம் என்பதில் இவ்வளவு மாறிவிடுகிறது.

ராதை பற்றி அப்பா ஏதாவது சொன்னாரா தம்பி?

மருதாணி எழுதியது:

நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.

முகவீணை எழுதியது:

சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமா, அவளுக்கு ஒண்ணும் இல்லதான்" என்றார். பழைய கூத்துச் சுவடியிலும் இல்லை, அவருடைய வாத்தியார் பாடியதிலும் இல்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டு உட்கார வைத்தார். குந்தி புலம்பல் முடிந்ததும் திரை பிடித்து, ராதைக்கு ஒரு விருத்தம் வைக்கலாம் என்றார். முகாரியில். கிரீடம் வேண்டாம், நகை வேண்டாம், நூல் புடவை போதும். பெட்டியில் வந்தபோது சுற்றியிருந்த துணியை அவள் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து கையில் கொண்டுவருகிறாள் என்று அவரே சொன்னார்.

ரெண்டு அடி கட்டியாச்சு. மூன்றாவது அடியில் அதிரதன் பெயர் வர வேண்டும் என்கிறார், சந்தம் இடிக்கிறது. ஜமாவில் பொன்னுருவி வேஷக்காரர்தான் ராதையும் கட்டுவார். முதல் பாதியில் நிழல் படாமல் ஒதுங்கிப் போனவரே கடைசியில் வந்து மடியில் எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

அடுத்த மாதம் ஒரு காரியத்துக்குக் கர்ண மோட்சம் பேசியிருக்கிறோம். இடமும் தேதியும் தனிமடலில் அனுப்புகிறேன். ராதை வருவதற்கு விடிகாலை நாலு மணி ஆகும், தூங்கிவிடாதீர்கள். பின்பாட்டுப் பெஞ்சுக்கு இடது பக்கம் உட்காருங்கள், அங்கிருந்துதான் முகம் தெரியும்.